எஃபெக்ட் பாயும் வெள்ளத்தில் போன பதினைந்தாம் பாடமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். "காரியம் நல்லபடியா முடிஞ்சா நாலு பேருக்குச் சொல்றேன் பெருமாளே" என்று சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டது நான்தான். காரியம் முடிந்ததும் சொல்லாமல் இருந்ததும் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள், பத்திரிகைக்கு எழுதினால் பிழை வருமே என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய தொந்தரவு, எங்கள் தெரு போட்டோ ஸ்டுடியோக்காரர் எஃபெக்ட் பாய் கதையை யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப் பாதியைக் கேட்க ஆள் இருப்பதில்லை. நாலு பேருக்குச் சொல்வதாக நான் வேண்டிக்கொண்டது அந்த மீதிப் பாதியைத்தான்.

அந்தக் கோவிலில் தீபாராதனை காட்டும்போது பட்டர் திருமண்ணைக் கொஞ்சம் தூக்கி, பெருமாளின் நெற்றிக்கண்ணைக் காட்டுவார். ஏழு வருஷமாக அந்த மூன்றாவது கண் என்னைப் பார்த்து, "என்னம்மா, எழுதிட்டியா?" என்று கேட்பது போலவே இருக்கிறது. இனிமேல் தாங்காது. எழுதிவிடுகிறேன்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரைக்கும், ஏன், ரயில் ஏறிச் செங்கல்பட்டு வரைக்கும் போய்த் தேடினாலும், புத்தகத்தில் போட்டதைப் போட்டபடி செய்கிற மனுஷர் எஃபெக்ட் பாயைப் போல இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். சமையல் குறிப்பில் கால் ஸ்பூன் மிளகாய்த்தூள் என்று போட்டிருந்தால் நாமெல்லாம் கையால் அள்ளிப் போடுகிறவர்கள். பாயாக இருந்தால் ஸ்பூனை நாலாக வெட்டியிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் ஸ்டுடியோ பலகையில் இருந்தது. ஆனால் அந்தப் பலகையை அவரே கம்ப்யூட்டரில் செய்தபோது பனி கொட்டுகிற எஃபெக்டைப் போட்டார். பனி கொட்டிக் கொட்டிப் பெயர் மூடிப்போய்விட்டது. அன்றிலிருந்து தெருவுக்கே அவர் எஃபெக்ட் பாய்.

பிலிம் ரோல் காலத்தில் பாய்க்கு நல்ல பெயர்தான். உட்கார், நிமிர், சிரி, அவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டர் வந்ததும் சனங்கள் "பின்னாடி மலை வை பாய், மேகம் வை பாய்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாய்க்குக் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்றே தெரியாது. கிளாசுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பி வைத்திருப்பவரிடம் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். போட்டோவை மாற்றுகிற சாஃப்ட்வேரைப் படிப்படியாகச் சொல்லித்தருகிற தமிழ்ப் புத்தகம். மொத்தம் முப்பது பாடம். ஒரு பாடத்துக்கு ஒரு எஃபெக்ட். ஒவ்வொன்றுக்கும் இருபது, இருபத்திரண்டு ஸ்டெப்.

ஒரு பாடம் கைக்குப் படிகிற வரைக்கும் பாய் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார். திருப்பாத வரைக்கும் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அதே எஃபெக்ட்தான்.

மூன்றாம் பாடம், எழுத்தில் தீ எரிய வைப்பது. அந்த வாரம்தான் எங்கள் பின் தெருக்காரர் புதுமனை புகுவிழாவுக்கு பேனர் கொடுத்திருந்தார். புது வீட்டுப் படத்துக்கு மேலே அவர் பெயர் கொழுந்து விட்டு எரிந்தது. பார்த்தவர்கள் "எப்போ பத்திக்கிச்சு?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆறாம் பாடம், படத்தின் மேல் தண்ணீர்த்துளி தெளிப்பது. ஏதோ அப்ளிகேஷனுக்கு ஒட்ட ஒரு பெண் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அதை வாங்கிப் பார்த்த அதிகாரி, "என்னம்மா கஷ்டம் உனக்கு, ஏன் இப்படி அழுதிருக்கே?" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினாராம்.

ஒன்பதாம் பாடம்தான் உச்சம். ஒரே ஆளை ஒரே படத்தில் இரண்டு பேராக நிற்க வைப்பது. அந்த நேரம் பார்த்து ஹார்டுவேர் கடைக்காரர் போய்ச் சேர்ந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் தோளில் அவரே கை போட்டுக்கொண்டு நின்றார். அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். "ஒத்த ஆளோடயே முப்பது வருசம் மல்லுக்கட்டினேன். இப்ப ரெண்டு பேராக் கிளம்பிப் போறாரே!" என்றார். சாவு வீட்டில் சிரிப்பை அடக்கத் தெரியாமல் நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தோம்.

புத்தகம் எழுதியவர் கொஞ்சம் தமாஷ் பேர்வழி போலிருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவில், "கம்ப்யூட்டர் இந்த வேலையை முடிக்கச் சற்று நேரம் ஆகும். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்" என்று போட்டிருந்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குச் சொன்னது. பாயின் கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். இருந்தாலும் பாய் எழுந்துவிடுவார். இத்தனைக்கும் அவர் டீ ஆள். காபி வாசனையே அவருக்கு ஆகாது.

"இன்னா பாய், வெளக்கெண்ண குடிக்கிற மாதிரி மூஞ்சை வச்சிக்கினு எதுக்குக் காபி குடிக்கிறே? டீ போடட்டா?" என்பார் எதிர்க்கடை டீ மாஸ்டர்.

"புஸ்தகத்துல காபின்னு போட்டுக்கீது."

"அது சும்மா தமாசுக்குப் போட்டிருப்பாரு பாய்."

"தமாசுன்னா தமாசுன்னு போட்டிருக்க மாட்டாரா? ஸ்டெப்பு பன்னெண்டுன்னு நம்பரு போட்டுக்கீதுபா."

ஒவ்வொரு பாடத்திலும் கடைசி ஸ்டெப்பும் ஒன்றேதான். "உங்கள் படைப்பைக் கண்குளிர ரசியுங்கள்." பாய் மவுஸை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ரசிப்பார். அவசரமாக நிற்கிறவர்கள் "ஆச்சா பாய்?" என்றால், "ஆவல. ரசிச்சிக்கினு கீறேன்" என்பார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர் எழுந்து போவது பாங்கு சத்தம் கேட்டால் மட்டும்தான். எந்த ஸ்டெப்பில் இருந்தாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். "அது இதவிடப் பெரிய புஸ்தகம் தங்கச்சி" என்பார்.

பதினாலாம் பாடம் முடிகிற நேரத்தில்தான் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பாய் கடை வாசலில் கயிறு கட்டி, புத்தகத்தின் பக்கங்களைத் துணி கிளிப் போட்டுக் காயவைத்தார். எல்லாம் காய்ந்தது. பதினைந்தாம் பாடம் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கையோடு வந்துவிட்டது.

அப்புறம் வேறென்ன, பாய் பதினாலிலேயே நின்றுவிட்டார்.

"பதினாறுக்குப் போயிட வேண்டியதுதானே பாய்?" என்று கேட்டேன்.

"இன்னா பேசறே தங்கச்சி? அஞ்சாவது ஸ்டேஷன் வராம ஆறாவது ஸ்டேஷன்ல ரயிலு நிக்குமா?"

"வேற புஸ்தகம் வாங்கிக்கங்க."

"பாத்தேன். அதுல ஸ்டெப்பு வேற மாதிரி கீது. பாதிக் கல்யாணத்துல ஐயரை மாத்துவியா நீ?"

பதினாலாம் பாடம் என்ன தெரியுமா? புது போட்டோவைப் பழைய போட்டோ ஆக்குவது. மஞ்சளடித்து, கறை படிந்து, கீறல் விழுந்து, ஓரம் கிழிந்து, அறுபது வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்த மாதிரி. இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் தெருவுக்கு இதுதான் கதி. முந்தின நாள் கல்யாணம் ஆனவர்கள் போட்டோவில் சஷ்டியப்த பூர்த்தி முடித்தவர்கள் போல இருந்தார்கள். முதல் பிறந்தநாள் கொண்டாடிய குழந்தைகள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்த மாதிரி கேக் வெட்டின.

என் மகள் ரேவதிக்கு வரன் பார்த்தபோது, நான் புத்தி இல்லாமல் பாயிடமே போட்டோ எடுத்து மேடவாக்கத்துக்கு அனுப்பினேன். மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்கள். "பொண்ணு போட்டோ கேட்டோம், நீங்க பொண்ணோட கொள்ளுப்பாட்டி போட்டோவை அனுப்பிட்டீங்க போலிருக்கு. பரவால்ல, மூக்கு லட்சணமா இருக்கு. அதே மூக்குதானே பொண்ணுக்கும்?"

மூக்கு பிடித்துப்போய் நேரில் வந்து பார்த்து நிச்சயமும் ஆகிவிட்டது, அது பெருமாள் கருணை. ஆனால் என் வீட்டுக்காரர் ஆடித் தீர்த்துவிட்டார். "இனிமே அந்த ஆள் கடை வாசப்படிய மிதிச்சே, கல்யாணத்தன்னிக்கு உன் போட்டோவும் அவர்தான் எடுப்பாரு, மாலை போட்டு மாட்டிக்கலாம்" என்றார். சரி, போகவில்லை.

இதுவரைக்கும்தான் எல்லாரும் கேட்பது. தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையை நரசிம்மர் பாதத்தில் வைப்போம். இரண்டாவதை வீட்டில் காலமான பெரியவர்கள் படத்துக்கு முன்னால் வைப்போம். அதற்குப் பிறகுதான் ஊருக்குக் கொடுக்கலாம். எனக்குப் பெரியவர் என்றால் என் அப்பா. மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டியவர். போட்டோ என்றால் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். என் கல்யாணத்தில் வருகிறவர்களைக் கும்பிட்டபடி வாசலில் நின்றபோது யாரோ எடுத்த ஒரே ஒரு படம்தான் அவருக்கு உண்டு. ரேவதி பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். வாழ்நாள் பூரா தண்ணீரைச் சுமந்தவர். அந்த ஒரு படத்தையும் வெள்ளத்தண்ணீர் விடவில்லை. ஆல்பத்தோடு ஊறி, முகத்தில் வெள்ளைக் கோடுகளும் நெஞ்சில் காப்பிக்கலர்க் கறையுமாகக் கிடந்தது.

பத்திரிகைக் கட்டு வந்து இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான். முதல் பத்திரிகையைப் பெருமாள் பாதத்தில் வைத்தாயிற்று. அன்றைக்குத்தான் முதலில் சொன்னபடி வேண்டிக்கொண்டேன். இரண்டாவதை எங்கே வைப்பது?

சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் நாத்தனார் மகன், "இவ்வளவுதானே அத்தை" என்று போனிலேயே ஏதோ ஆப்பில் போட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா பளபளவென்று வந்தார். சிவப்பாக, கன்னம் வழவழவென்று, டூத்பேஸ்ட் விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி. "சூப்பர்ல?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டு சூட்டு போட்டால் இவர் பேங்க் மேனேஜர். என் அப்பா இல்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரிய கடையில் கொடுத்தேன். அவர்கள் "முகம் பாதி தெரியலம்மா, வேற முகத்திலேர்ந்து வச்சுத் தர்றோம்" என்றார்கள். வேறு முகம் எனக்கு எதற்கு?

"ஒரு பேப்பர்ல மாமா பேரை எழுதி அது முன்னாடி வச்சிடலாம். நாள் போகுதுல்ல? எங்க அண்ணன் பத்திரிகை வரலன்னு கோச்சுக்கறாரு" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. தாத்தா முகம் பார்க்காமலே என் பெண் மணையில் உட்காரணுமா என்று இருந்தது. டெய்லரிடம் ஜாக்கெட் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு பாய் கடைக்குப் போனேன்.

நோன்பு மாதம். பாய் உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். போட்டோவை வாங்கிப் பார்த்தார். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாடப் பட்டியலில் விரலை வைத்துக் காட்டினார். பாடம் பதினைந்து: பழைய போட்டோவைப் புதிதாக்குவது.

"இதான் தங்கச்சி உனக்கு வேணும். இதான் எங்கிட்ட இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாய் போட்டோவைக் கையிலேயே வைத்திருந்தார். பதினாலாம் பாடத்தைத் திறந்தார். போட்டோவைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். திடீரென்று எழுந்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி! இந்த வெள்ளம் இன்னா பண்ணிக்கீது பாரு. மஞ்சா பூசிக்கீது. கீறலு போட்டுக்கீது. கறை வச்சிக்கீது. ஓரத்தைக் கிழிச்சிக்கீது. ஸ்டெப்பு மாறாம என் பதினாலாம் பாடத்தைப் பண்ணிட்டுப் போயிக்கீது!"

"அதுக்கு?"

"அதுக்கு இன்னாவா? நானு கடைசி ஸ்டெப்புலேர்ந்து ஒண்ணொண்ணா முன்னாடி வந்தா?"

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். ஒரு ஸ்டெப்பைத் தாண்டாத மனுஷர், ஒரு பாடத்தையே தலைகீழாக நடக்கப் போகிறார். "புஸ்தகத்துக்கு மரியாதை இல்லாம பூடுமோ?" என்று என்னையே கேட்டார். அப்புறம் பிஸ்மில்லா சொல்லி உட்கார்ந்தார். போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிப் பெரிதாக வைத்தார்.

கடைசியிலிருந்து வந்தால் முதலில் வருவது எது? ஸ்டெப் இருபத்திரண்டு. கண்குளிர ரசியுங்கள்.

பாய் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கிழிந்த, கறை பிடித்த, பாதி முகம் மறைந்துபோன படத்தை ரசித்தார். பத்து நிமிஷம் இருக்கும். எங்கள் வீட்டில்கூட அதை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்ததும் "ஐயோ" என்று மூடிவைத்தவர்கள்தான் நாங்கள்.

"நல்ல மனுசன்" என்றார் கடைசியில். "கும்புடறாரு பாரு, கையி நெஞ்சுக்கிட்ட கீது. சும்மா கும்புடறவன் கையி கீழ நிக்கும்."

நாலு நாள் ஆனது. நாலு நாளும் நான் ஜாக்கெட் வாங்கப் போனேன். "ஒரு ஜாக்கெட்டுக்கு நாலு நாளா? துணியை இனிமேதான் நெய்யறானா?" என்றார் வீட்டுக்காரர்.

ஓரங்கள் ஒட்டின. நெஞ்சுக் கறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கீறலுக்கு வந்ததும் பாய் என்னைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். புத்தகத்தில் "அங்கங்கே கீறல் போடவும்" என்று இருந்தது. எடுப்பதென்றால் எங்கெங்கே? ஒவ்வொரு கோட்டிலும் அம்புக்குறியை வைத்துக் கேட்டார்.

"தங்கச்சி, இது அப்பாவோடதா, தண்ணியோடதா?"

"தண்ணியோடது."

அழிப்பார். அடுத்தது.

"இது?"

"அது அப்பாவோடது பாய். சிரிச்சா கன்னத்துல விழும்."

விட்டுவிடுவார். இடது புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. "இது தண்ணிதானே?" என்று அழிக்கப் போனார். நான் அவர் கையைப் பிடிக்காத குறை. அது லாரி டேங்க் மூடி அடித்த தழும்பு. மூன்று தையல். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து அதை விரலால் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த ஆப்பில் வந்தவர் ஏன் என் அப்பா இல்லை என்று. அவருக்குத் தழும்பு இல்லை.

தாடையில் ஒரு புள்ளி இருந்தது. எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. "தெரியல பாய்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா?

"தெரியலன்னா இருக்கட்டும். அவுரோடத எடுத்துட்டா அப்பால அது வேற ஆளு" என்றார். அந்தப் புள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

நடுவில் ஸ்டெப் பன்னிரண்டு வந்தது. காபி. பாய் தலையைச் சொறிந்தார். "குடிக்கிறதத் தலைகீழா எப்டி பண்றது?" ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் ஒரு காபி வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். "குடிக்கிறதுக்கு எதிரு குடிக்கக் குடுக்கறதுதானே?"

விடிகாலையிலிருந்து பச்சைத்தண்ணீர் படாத மனுஷர் முன்னால் எப்படிக் குடிப்பேன்? "வேணாம் பாய், நோன்பு இருக்கறீங்க" என்றேன்.

"ஸ்டெப்பு தங்கச்சி. நீ குடிச்சாதான் பதினொண்ணுக்குப் போவ முடியும்."

குடித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ காபி குடித்துவிட்டேன். அந்த ருசி வரவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் மஞ்சள் விலகி, நிறம் திரும்பி, பாய் ஸ்டெப் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "தெளிவான, புத்தம் புதிய படம் ஒன்றை எடுத்துக்கொள்ளவும்."

திரையில் அப்பா கும்பிட்டபடி நின்றார். "நரசிம்மா" என்றேன் நான். "மாஷா அல்லாஹ்" என்றார் பாய். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டோம்.

பிரேம் போட்ட படத்தைக் கூடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுக்க உள்ளே போனேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். சட்டென்று மடிப்பை அவிழ்த்துக் கீழே விட்டார். "வாங்க மாமா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ரேவதி பக்கத்தில் வந்து கண்ணாடி மேல் விரலை வைத்து, "புருவத்துல என்னம்மா கோடு?" என்று கேட்டாள். முகூர்த்தப் பத்திரிகையைத் தாத்தா முன்னால் அவள் கையாலேயே வைக்கச் சொன்னேன். கல்யாணத்துக்கு போட்டோ எடுத்ததும் பாய்தான். என் வீட்டுக்காரரே போய் அழைத்துவிட்டு வந்தார். ஒரு படம்கூடப் பழசாக வரவில்லை. ஏனென்றால் பாய் அதற்குள் பதினைந்தாம் பாடத்தை எழுதிவிட்டார்.

ஆமாம், அவரே எழுதினார். கோடு போட்ட தாளில், நம்பர் போட்டு, புத்தகத்தில் பக்கம் போன இடத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். நான் பார்த்தேன். ஸ்டெப் ஒன்று: ரசிக்கவும். ஸ்டெப் எட்டு: வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டு அழிக்கவும். தெரியாததை விட்டுவிடவும். ஸ்டெப் பதினொன்று: காபி வாங்கிக் கொடுக்கவும்.

பதினைந்து முடிந்துவிட்டதால் பாய் பதினாறுக்குப் போனார். அது கடலுக்கு அடியில் இருப்பது போன்ற எஃபெக்ட். அந்த வருஷம் எங்கள் தெருப் பிள்ளைகளின் பள்ளிக்கூட அடையாள அட்டையில் எல்லாம் மீன் நீந்தியது. அது போகட்டும்.

பெருமாளே, சொல்லிவிட்டேன். படித்தவர்களும் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். சிரிப்பு வரட்டும் என்று பாயைக் கொஞ்சம் கோமாளியாக்கியோ, உருக்கமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மகானாக்கியோ எந்த எஃபெக்டும் போட்டுவிடாதீர்கள். அந்தக் காபி, அந்த மீன், ரசிச்சிக்கினு கீறேன் என்கிற அந்தப் பேச்சு, எல்லாமே அவரோடதுதான். எதையும் அழித்துவிடாதீர்கள்.